சொல்லுக்குச் சொல்

எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையே இல்லை. உங்கள் மொழி எனக்கு நன்றாகவே வரும். விசாரணை என்றால் இதுதான் விதி என்கிறீர்கள், இருக்கட்டும். பக்கத்தில் தமிழ் பேசும் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பது ஆறுதல்தான்.

நான் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கும் பிரிவு. கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவார். உதவிக்கென்று இந்த ஊரில் ஒரு ஈ காக்காய் கிடையாது. மகனுக்கு இரண்டு வயது. குழந்தைகள் காப்பகத்தில் பெயர் கொடுத்துப் பதினோரு மாதம். காத்திருப்போர் பட்டியலில் அவன்தான் முதல். "ஒரு பிள்ளை போனால்தான் இன்னொரு பிள்ளை வர முடியும்" என்று நிர்வாகி ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

வேறு வழியில்லாமல் அவனை வேலைக்கே கொண்டுபோனேன். துணி வண்டிக்குள் குழி பறித்த மாதிரி செய்து உட்காரவைப்பேன். வாயே திறக்க மாட்டான். இரண்டு வயதுப் பிள்ளை எட்டு மணி நேரம் சத்தமில்லாமல் இருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வியாழக்கிழமை, அழுக்குத் துணி என்று நினைத்து அந்த வண்டியை ஒருவன் சலவை இயந்திரத்தின் வாயில் கவிழ்க்கப் போனான். ஓடிப்போய் வண்டியைப் பிடித்து நிறுத்தினேன். திங்கட்கிழமை பிள்ளை இல்லாமல் வா, இல்லையென்றால் வராதே என்றார் மேற்பார்வையாளர். வேலை போனால் விசாவும் போய்விடும்.

மறுநாள் காப்பகத்துக்கு ஓடினேன், கெஞ்சுவதற்கு. நிர்வாகி என்னை உள்ளே கூப்பிட்டாள். எங்கள் மாடிவீட்டுத் தமிழ் அக்காவும் பகலெல்லாம் வேலைக்குப் போகிறவள்; அவள் மகள், குட்டி, அங்கேதான் படித்தாள். கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "சாப்பிடு, இல்லேன்னா கையை ஒடிச்சு அடுப்புல வச்சுடுவேன்." தினமும் இதையே சொல்கிறாளாம். என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார்கள்.

சொன்னேன். சொல்லுக்குச் சொல். ஒரு எழுத்துகூடக் கூட்டவில்லை.

நிர்வாகியின் முகம் வெளுத்துவிட்டது. குட்டி தன் வீட்டுக் கட்டிலிலிருந்து விழுந்ததாகத் தாய் எழுதிக் கொடுத்திருக்கிறாளே, அது நிஜமா என்றாள். அவர்கள் வீட்டுக்குள் நடப்பது எனக்குத் தெரியாது என்றேன். அதுவும் உண்மைதான். குட்டி விழுந்தது என் வீட்டுக் கட்டிலிலிருந்து. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என்னை வம்பில் மாட்டிவிடக் கூடாதென்று அக்கா அப்படி எழுதியிருந்தாள்.

அன்று சாயங்காலமே அதிகாரிகள் வந்து குட்டியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கா செருப்புகூடப் போடாமல் என் வாசலில் வந்து நின்றாள்.

"நீ இவங்க பாஷை நல்லாப் பேசுவியேம்மா. நீயே வந்து சொல்லு, அதெல்லாம் சும்மா வாய்ப்பேச்சுன்னு. உன் புள்ளைக்கு ஊட்டும்போதும் நான் அதைத்தானே சொல்வேன்? சிரிச்சிக்கிட்டே வாயைத் திறப்பானே."

"லீவு கிடைக்காதுக்கா," என்றேன். கிடைக்காது என்பதும் உண்மைதான்.

திங்கட்கிழமை என் மகனுக்கு இடம் கிடைத்தது. பை மாட்டும் கொக்கியில் குட்டியின் வாத்துப்படம் இன்னும் ஒட்டியிருந்தது. அவனுக்கு வாத்து பிடிக்கும். கிழிக்க வேண்டாமென்று நானே சொன்னேன். குட்டியை நான்கு மணி நேரப் பயணத்தில் ஏதோ ஒரு குடும்பத்திடம் விட்டிருக்கிறார்களாம். தமிழ் தெரியாதவர்கள். பார்க்கப் போன அக்காவிடம் அவள் இப்போது தமிழில் பேசுவதே இல்லையாம். மாடியில் அக்கா நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கிறது. எனக்கும் சோறு இறங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று என் மகனும் அதே பொம்மையிடம் அதே வார்த்தையைச் சொன்னானாம். அதனால்தானே கூப்பிட்டீர்கள்? மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையில் கொடுமை எதுவும் இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது.

அம்மா, நீங்க நம்ம ஆளு. உங்க வீட்டுலயும் இப்படிச் சொல்லித்தானே வளத்திருப்பாங்க? சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காதீங்க. அது சும்மா வாய்ப்பேச்சுன்னு இவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. ஒரு பச்சைப் பிள்ளையைத் தாய்கிட்டயிருந்து பிரிக்க யாருக்காவது மனசு வருமா?