வாசலில் ஒரு சரம் பூண்டு

– பூண்டு காயணும்னா, அதுக்காக வாசல் நிலையிலயா தொங்க விடுவாங்க? சொல்றேன்னு கோவிச்சுக்காதே ஷிகேனோ, முதல்ல அந்தப் பூண்டுச் சரத்தை இறக்கு.

– இருக்கட்டும், ஃபுகுயே அக்கா.

– என்ன இருக்கட்டும்? உன் புருஷன் தோகுஜி போய்ச் சேர்ந்தப்புறம் வர்ற முதல் ஆகஸ்ட். செத்தவங்கல்லாம் வீடு தேடி வர்ற நாள். தெருவுல அத்தனை வாசல்லயும் வரவேற்க நெருப்பு மூட்டியாச்சு. உன் வாசல்ல மட்டும் புகையே இல்ல.

– விறகு ஈரம்.

– வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, விறகு ஈரமாம்! சரி, படையல்ல குச்சிக் கால் குத்தின வெள்ளரிக்காய்க் குதிரை எங்கே? மனுஷன் எதுல ஏறி வருவாரு?

– வெள்ளரிக்காயை ஊறுகாய் போட்டுட்டேன்.

– நல்லா போட்டே! அதோ பாரு, சின்ன பிக்குவோட ஸ்கூட்டர். மிகாமி வீட்டு வாசல்ல நிக்குது. அங்கே மந்திரம் முடிஞ்சா அடுத்தது இங்கேதான். பூண்டும் சாராயமும் உள்ளே வரக்கூடாதுன்னு அவங்க கோயில் வாசல்ல கல்லுலயே வெட்டி வெச்சிருக்கு, தெரியுமில்ல?

– அது கோயில், இது என் வீடு. அந்த ஸ்கூட்டரே ஊர்ப் பூண்டு வித்த காசுல வந்ததுதான்.

– வாய் மட்டும் குறையல. பேய் பிசாசு அண்டாம இருக்க நானும்தான் பூண்டு மாட்டுவேன். தொத்துக் காய்ச்சல் வந்தா மாட்டுவேன். இன்னிக்குப் போய் மாட்டினா தோகுஜி எப்படி உள்ளே வருவாரு? சொல்றேன்னு கோவிச்சுக்காதே, துக்கத்துல மறந்துட்டே. நானே கழட்டறேன்.

– மறக்கல. கையை எடு அக்கா.

– என்னடி இது? இந்தத் தெருவுல முதல்ல பூண்டு நட்டது யாரு? உன் புருஷன்! அதுக்கு முன்னாடி, முதல் பனி விழுந்தா போதும், ஊர் ஆம்பளைங்க மொத்தமும் டோக்கியோவுக்கு சிமெண்ட் சுமக்கப் போயிடும். நாம இங்கே கூரைப் பனியைத் தள்ளிக்கிட்டுக் கிடப்போம். பூண்டு வந்துச்சு, கையில காசு வந்துச்சு, புருஷனுங்க வீட்டோட தங்கினாங்க. நான்லாம் பூண்டைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

– நீ கும்பிட்டே. நான் அழுதேன்.

– அழுதியா? ஏன்?

– பனி விழுந்தா அவர் டோக்கியோ போயிடுவாரு. பனி உருகற வரைக்கும் நான் நிம்மதியாத் தூங்குவேன். உடம்புல ஒரு காயம் இருக்காது. பூண்டு வந்தப்புறம் அந்தக் குளிர்காலமும் போச்சு.

– ஷிகேனோ...

– ஊர்க்கதை பூரா உன் காதுக்கு வருதே. நமக்கு நடுவுல ஒரு வேலிதான் இருக்கு. என் வீட்டுச் சத்தம் மட்டும் வரலையா அக்கா?

– ...வந்துச்சு.

– அப்போ விடு. அவரை வீட்டுக்குள்ள உட்கார வெச்சது இந்தப் பூண்டு. இனிமே வெளியில நிறுத்தறதும் இதோட பொறுப்பு.

– ஸ்கூட்டர் கிளம்பிடுச்சு.

– வரட்டும். கேட்டா, நானே பிக்கு கிட்ட சொல்லிக்கிறேன்.

– நீ ஒண்ணும் சொல்ல வேணாம், பிக்குவை நான் பார்த்துக்கிறேன். முன்வாசல் சரி. கொல்லைக் கதவுக்கு மாட்டினியா?