ஒசனாய் வண்டியின் பழுதுகள்

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற வெள்ளை வண்டி உங்களுடையதுதானே, சார்? உள்ளே வரும்போதே கவனித்தேன். முன்பக்க வலது சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறது. இப்போதே மாற்றினால் பதினைந்தாயிரம் யென்னோடு போகும். விட்டுவிட்டால் மண்ணும் உப்பும் உள்ளே புகுந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டையே மாற்ற வேண்டி வரும். ஐம்பதாயிரம் கையைக் கடிக்கும். இதைச் சொல்வதற்கு எனக்குக் காசு வேண்டாம். பழக்கதோஷம், அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருடமாக இந்தச் சின்ன வண்டிகளோடுதான் பிழைப்பு. மஞ்சள் நம்பர் பலகை, மூன்று சிலிண்டர், உள்ளே நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். இங்கே அவொமோரியில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியதும் என்னென்ன போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பற்றவைக்கும் காயில்கள் மூன்றில் ஒன்று சாகும், எட்டாயிரம். சக்கர பேரிங் முனக ஆரம்பிக்கும், பதினெட்டாயிரம். பனிக்காக ரோட்டில் கொட்டுகிற உப்பு புகைக்குழாயைத் தின்றுவிடும், இருபத்தைந்தாயிரம். கியர் பெட்டி போனால் வண்டியின் விலையைவிடச் செலவு அதிகம். அப்போது நாங்கள் மதிப்பீட்டுச் சீட்டை எழுதி, இரண்டு கையாலும் நீட்டி, தலையைக் குனிந்துகொள்வோம். ‘இந்த வண்டியை விட்டுவிடுங்கள்’ என்று வாயால் சொல்வதில்லை. சீட்டு சொல்லிவிடும். எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் புரியும்.

ஒசனாய் பெரியவருக்கு மட்டும் புரியவில்லை. நீங்கள் கேட்டது அவர் வண்டியில் இருந்த பேட்டரியைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். போன வாரம் ‘கை தவறி மாறிப்போயிருக்கும்’ என்று சொன்னேன் இல்லையா? அதை அடித்துவிடுங்கள்.

அவருக்கு எண்பத்திரண்டு வயது. நினோசாவாவில் மனைவி கினு அம்மாவோடு இருந்தார். மலையடிவாரத்தில் பதினொரு வீடுகள், அதில் ஆள் இருப்பது நாலில். கினு அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பதினெட்டு கிலோமீட்டர். பஸ் நின்று ஆறு வருடமாகிறது. அந்தச் சின்ன வண்டி ஓடுகிறவரை இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். அது நின்றால், தெற்கே தூரத்தில் மகன் இருக்கும் சைதாமாவில் அம்மா ஓர் இல்லத்துக்கு, அப்பா இன்னோர் இல்லத்துக்கு. ஒரே இடத்தில் இருவருக்கும் இடமில்லை என்று விசாரித்துச் சொல்லிவிட்டார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். பெரியவரே எண்ணெய் மாற்ற வந்தபோது சொன்னார்.

“வண்டிக்கும் எனக்கும் ஒரே வியாதி, தம்பி. காலையில எழுந்திரிக்கத்தான் கஷ்டம். எழுந்துட்டா ஓடிருவோம்.”

பக்கத்து சீட்டிலிருந்து கினு அம்மா, “ரெண்டையும் ஒரே டாக்டர்ட்ட காட்டுங்க, கொறச்சுப் போடுவாரு” என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நல்ல மனிதர்கள். அவர்களைப் பிடிக்காமல் நான் எதையும் செய்யவில்லை.

ஆகஸ்டில் முன்னோர் பூஜைக்கு மகன் ஹிதேகி வந்திருந்தான். கிளம்புகிற அன்று பட்டறைக்கு வந்து, முலாம்பழம் இரண்டை மேஜையில் வைத்தான்.

“அண்ணே, லைசென்ஸத் திருப்பிக் குடுங்கப்பான்னா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சு, ஸ்கூல் புள்ளைங்க மேல ஏத்திட்டா யாரு பதில் சொல்றது? டிவியில தினமும் காட்டுறான்.”

“அவரு மூஞ்சிக்கு நேரா நான் எப்படிப்பா சொல்றது?”

“நீங்க ஏன் சொல்லணும்? வண்டி சொல்லட்டும்.”

நியாயமாகத்தான் பட்டது. பெரியவர் மோசமாக ஓட்டினாரா என்று கேட்பீர்கள். இல்லை. நாற்பதுக்கு மேல் போகமாட்டார், நிறுத்தக் கோட்டில் நின்று மூன்று எண்ணிவிட்டுத்தான் எடுப்பார். ஆனால் இன்றைக்கு நன்றாக ஓட்டுகிறவர் நாளைக்கும் ஓட்டுவார் என்று யார் கையெழுத்துப் போடுவது? பழுதாகுமுன் மாற்றுவதுதான் என் தொழில்.

செப்டம்பரில் ஆரம்பித்தேன். எண்ணெய் மாற்ற விட்டிருந்த வண்டியில் ஒரு நல்ல காயிலைக் கழற்றிவிட்டு, சாகக் கிடந்த ஒன்றைப் பழைய சாமான் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினேன். வண்டியை மெதுவாகப் பழுதாக்கத் தனித் திறமை வேண்டும், சார். ஆள் அடிபடக் கூடாது. நடுவழியில் நிற்கக் கூடாது. வீடு போய்ச் சேர்வதற்குள் மனம் மட்டும் வெறுத்துப்போக வேண்டும். அடுத்த வாரமே வண்டி உதறுகிறது என்று வந்தார். மூன்று காயில்களும் போய்விட்டதாக எழுதி நீட்டினேன். ‘சரிப்பா, மாத்திடு’ என்று பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்டோபரில் தேய்ந்த பேரிங்கை மாட்டினேன், வண்டி முனகியது. அதற்கும் ‘சரிப்பா’தான்.

நவம்பரில் கியர் பெட்டி என்று எழுதினேன். இரண்டு லட்சத்து எண்பதாயிரம். அந்த வண்டியை விற்றால் ஐம்பதாயிரம் தேறாது. அந்தச் சீட்டை நீட்டினால் யாரானாலும் நன்றி சொல்லிவிட்டு வண்டியை அங்கேயே விட்டுப் போய்விடுவார்கள். அவர் சீட்டையும் என் பட்டறையையும் கொஞ்ச நேரம் மாறிமாறிப் பார்த்தார். மறுநாள் ஒரு கவரோடு வந்தார்.

“கினுவுக்கு ரத்தத்தச் சுத்தம் பண்ற மாதிரி இதுக்கும் பண்ணிடு தம்பி. காசு கெடக்குது.”

கியர் எண்ணெயை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். பணத்தை ஏன் வாங்கினாய் என்றால், வாங்காமல் இருந்தால் சந்தேகம் வந்திருக்கும். பிறகு ஹிதேகியிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது. ஒரு மனிதருக்கு எத்தனை முறைதான் மரியாதையாகச் சொல்வது? மூன்று சீட்டு எழுதியாகிவிட்டது. ஊரில் வேறு யாரானாலும் முதல் சீட்டிலேயே புரிந்துகொண்டிருப்பார்கள். வேண்டுமென்றே என்னை அலைக்கழிக்கிறார் என்றுகூடத் தோன்றியது. ஹிதேகி வேறு வாரம் தவறாமல் போன் செய்து, “என்னண்ணே, இன்னும் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காராமே?” என்பான். என்னைக் கையாலாகாதவன் என்று சொல்லாமல் சொல்வான்.

டிசம்பர் முப்பதாம் தேதி, புது வருஷத்துக்கு முன் ஒருதரம் பார்த்துவிடு என்று பெரியவர் வண்டியைக் கொண்டுவந்தார். நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டு, தூக்கிப் போட வைத்திருந்த ஒன்றை மாட்டினேன். செத்த பேட்டரி மேல் மஞ்சள் பெயின்டில் பெருக்கல் குறி போட்டுத் தேதி எழுதுவது என் வழக்கம். பழைய வண்டி உடைக்கிற ஆள் அதைப் பார்த்துத்தான் உங்களிடம் கொண்டுவந்தான். அவன் கெட்டிக்காரன். அந்தப் பேட்டரி பகலில், பட்டறைச் சூட்டில், ஒருதரம் வண்டியைக் கிளப்பும். இரவெல்லாம் மைனஸ் ஒன்பதில் கிடந்தபின் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். புதுசு வாங்கினால் ஆறாயிரத்து ஐந்நூறு. அந்த வண்டிக்கு நான் பார்த்ததிலேயே மலிவான பழுது அதுதான்.

புதன்கிழமை டயாலிசிஸ் இருக்கும் என்று தெரியாது என்றும் போன வாரம் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். முப்பதாம் தேதி என்ன கிழமை என்று நீங்கள் பார்க்கவில்லை. செவ்வாய். வழக்கமாக அவர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய நாளில் என் பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். புது வருஷ விடுமுறைக்காக நாட்களை மாற்றியிருந்தார்கள். திங்கள், புதன், பிறகு சனி. அந்த நாட்களை எழுதிய ஆஸ்பத்திரி அட்டை வண்டியின் முன் சீட்டில் கிடந்தது. படித்துவிட்டுத்தான் பேட்டரியை மாற்றினேன். ஒருநாள் வண்டி கிளம்பாமல், ஒரு டயாலிசிஸ் தவறிப்போனால் அவருக்கே பயம் வந்துவிடும், மகன் சொல்வது சரி என்று தோன்றிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒன்று தவறினால் யாரும் சாவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

புதன் காலை ஏழு பத்துக்குப் போன் அடித்தது. நம்பரைப் பார்த்தேன், எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும். புதுப் பேட்டரி ஒன்று அலமாரியிலேயே இருந்தது, இருபது நிமிஷத்தில் போய் மாட்டியிருப்பேன். அப்புறம் நாலு மாசம் பட்ட பாடெல்லாம் வீண். மறுபடி அடித்தது. போனை ஒரு துணியால் மூடிவைத்தேன். எட்டு மணிக்கு ஓய்ந்தது. அதற்கப்புறம் ஹிதேகியைக் கூப்பிட்டேன்.

“வண்டி நின்னுருச்சு. இன்னைக்குச் சொன்னா கேப்பாரு. கெளம்பி வா.”

“அப்பாடா. பெரிய உபகாரம், அண்ணே. ஆனா இன்னைக்கு ரயில் டிக்கெட் கெடைக்காது. மூணாம் தேதி வந்து பேசிக்கிறேன்.”

டவுனில் இருக்கும் இரண்டு டாக்சியும் அன்றைக்கு முன்பதிவில் போய்விட்டன. பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் பிள்ளைகளிடம் போயிருந்தார்கள். வண்டி கிளம்பவில்லை என்று ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிற ஆள் அவர் இல்லை. ஆப்பிள் பெட்டி இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில் கினு அம்மாவை உட்காரவைத்து, மெத்தையால் சுற்றி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ரோட்டை நோக்கி இழுத்திருக்கிறார். இரண்டு கிலோமீட்டர். பனி தள்ளுகிற வண்டிக்காரன் அவர்களைப் பார்த்தபோது மணி பத்தே முக்கால். பெரியவர் குப்புற விழுந்து கிடந்தார், கயிறு தோளிலேயே இருந்தது. கினு அம்மா அவர் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘சத்தம் போடாதப்பா, கொஞ்சம் அசந்துட்டாரு’ என்றாராம். அன்று மதியமே கினு அம்மாவுக்கு டயாலிசிஸ் செய்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

பெரியவரின் ஈமச் சடங்குக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. ஹிதேகி என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘உங்களுக்குத்தான் ரொம்பத் தொந்தரவு’ என்று அழுதான். ஊதுபத்தி வைத்துவிட்டுக் கிளம்பும்போது கினு அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் கோபமாக இல்லை.

“அவரு முப்பது வருஷம் விவசாயச் சங்கத்து டிராக்டர் ஷெட்டுல மெக்கானிக்கா இருந்தவரு. ஒனக்குத் தெரியாது, நீ அப்புறம் வந்தவன். காயில் நல்லா இருந்துச்சு, கியர் பெட்டியத் தொடவே இல்லன்னு அன்னைக்கே சொன்னாரு. ‘பாவம் கினு, நம்ம சசமோரி தம்பி பட்டறைக்கு யாரும் வர்றதில்ல, கூரை ஒழுகுது. கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு இப்படி எழுதுறான். நாம குடுக்காட்டி யாரு குடுப்பா’ன்னாரு.”

கூரையை டிசம்பர் முதல் வாரமே மாற்றிவிட்டேன். அந்தப் பணத்தில்தான்.

“அன்னைக்குக் காலையில மூடியத் தொறந்து பாத்தாரு. ‘இது நம்ம பேட்டரி இல்ல’ன்னாரு. வேற யாரையாச்சும் கூப்பிடுங்கன்னேன். ‘மாத்தி வச்சுட்டான் போல, போன் பண்ணா ஓடி வருவான்’னு அம்பது நிமிஷம் போனையே புடிச்சுக்கிட்டு நின்னாரு.” பிறகு என் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி சொன்னார். “நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா அவருக்குப் புடிக்காது.”

கினு அம்மா இப்போது சைதாமாவில் ஓர் இல்லத்தில் இருக்கிறாராம். மூன்று படுக்கை உள்ள அறையில் நடுப்படுக்கை. யாரோடும் பேசுவதில்லை என்று ஹிதேகி சொன்னான்.

பேட்டரியை மாற்றியது நான்தான். நாள் தெரிந்துதான் மாற்றினேன். போன் அடித்தது தெரியும், எடுக்கவில்லை. இதற்குக் கீழே எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், சார். செப்டம்பரிலிருந்தே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ‘ஏன்டா இப்படிச் செய்றே’ என்று ஒரு வார்த்தை என் முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். மனதில் இருப்பதை வாய் திறந்து சொல்லாத ஆளோடு நான் என்னதான் செய்ய முடியும்? இதில் பாதித் தவறு அவருடையது.