வெடிக்காத செல்லச்சாமியும் டாக்டர் சுசீலாதேவியும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று பழகிய நீரிழிவுச் சொந்தங்களே! நம்ம நாவுல ஊர்க் கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக உங்களுக்கு மாத்திரை தரும் மருந்தாளர் ஜைனுதீன் பேசுகிறேன்.

டாக்டர் சுசீலாதேவி அம்மையார் மறைந்துவிட்டார். ஒருவரையும் ஏசாமல் அனுப்பாத வாய் மூடிவிட்டது!

மற்ற டாக்டர்கள் சீனியைக் குறைக்கச் சொல்வார்கள். அம்மையார் அதோடு விட்டாரா? உடம்பில் சில கலங்கள், அதாவது செல்கள், சத்தமில்லாமல் சாகும், சீனியும் கொழுப்பும் மிஞ்சினால் சில கலங்கள் ஊதி வெடித்துச் சாகும், உள்ளிருப்பது கொட்டிப் பக்கத்திலும் அழற்சி பரவும், இன்சுலின் சுரக்கும் இடமே கெடும் என்று படம் போட்டு விளக்குவார்.

பலாபத்வல ஊர்ச் செல்லச்சாமி அண்ணன் காதில் விழுந்ததோ 'வெடிக்கும்' என்ற ஒரே சொல்! திரும்பும் பஸ்ஸில் அவர் சொன்னார்: "தம்பி கண்டக்டர், சனங்கள கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. எனக்கு உள்ளுக்குள்ள வெடிக்கப் போகுதாம்."

பாதி பஸ் இறங்கிவிட்டது!

செய்தி கேட்ட அம்மையார் அன்று பின்னேரமே என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். முற்றத்தில் தனியாக ஒரு கதிரை. அதில் அண்ணன். கையில் சீனி போட்ட பிளேன்டீ!

"போகப்போற மனுசன், கடைசியா ஆசப்பட்டாருங்க டாக்டர்" என்றார் மனைவி சரோஜாதேவி.

அண்ணன் எழுந்து வந்தபோது லேசாக நொண்டினார். அதை நான் கவனிக்கவில்லை. அம்மையார் கவனித்தார். "நீங்கள் வெடிக்க மாட்டியள். முதல்ல காலைக் காட்டுங்கோ!"

உள்ளங்காலில் பெரிய புண். நீரிழிவால் கால் மரத்துப்போய், அண்ணனுக்கு வலியே தெரிந்திருக்கவில்லை. அம்மையார் தன் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அந்தக் கால் போயிருக்கும். இதோ, முன்வரிசையில் இரண்டு கால்களோடும் உட்கார்ந்து அழுகிறார். அழுங்கள் அண்ணா, உங்களுக்கு உரிமை இருக்கிறது!

அம்மையார் நடத்திய வியாழக்கிழமைக் கிளினிக் நிற்காது. படம் போட்டு விளக்கும் வேலையைத் தாதி நிப்லா ஏற்றுக்கொண்டார்.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். என் வாப்பாவுக்கும் கூடப்பிறந்த நானாவுக்கும் இந்த நீரிழிவு வருத்தம் இருந்தது. "ஜைனுதீன், சீனி பார்க்க விரலைத் தாரும்" என்று அம்மையார் மாதம் தவறாமல் கேட்பார். நாளைக்கு, நாளைக்கு என்று தப்பினேன். பயம்! மருந்து கொடுப்பவனுக்கே பயம்! இனி என்னைத் துரத்த யார் இருக்கிறார்?

வாசலில் நிப்லா ஊசியோடு நிற்கிறார். முதல் விரல் என்னுடையது. பின்னால் வாருங்கள், நான் நழுவப் பார்த்தால் பிடித்துத் தள்ளுங்கள்.