மழையானாலும் வெயிலானாலும்

பழவேற்காட்டிலிருந்து மீஞ்சூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கோட்டைக்குப்பத்துப் பெண்கள் இருவர். மூத்தவள் கம்பெனியில் வேலை செய்பவள். இளையவள் அங்கே இன்டர்வியூவுக்குப் போகிறவள்.

“அடிக்கடி லீவு போடுவியான்னு கேப்பான். சொல்லு.”

“நோ சார். ஐ வில் கம், ரெயின் ஆர் ஷைன்.”

“சிரிச்சிக்கினே சொல்லுடி.”

“ஊர்ல சாவு வுழுந்தா, எடுக்கறவரைக்கும் யாரும் வேலைக்குப் போவக்கூடாதேக்கா?”

எனக்குத் தெரிந்த எந்த விடுப்பு விதியிலும் அதற்கு இடமில்லை.

“அதுக்குத்தான் பஸ் ஏறினதும் ஃபோனை ஆஃப் பண்ணிடுவேன். தெரியலன்னா தப்பில்ல.”

இளையவளின் ஃபோன் அடித்தது. “அம்மா கூப்புடுது.”

“எடுக்காத.”

எடுத்தாள். “எதிர்வூட்டுப் பெரியப்பா பூட்டாராம்” என்று எழுந்தாள்.

“இன்னொரு தபா கூப்பிட மாட்டான்டி!”

“நீயும் எறங்குக்கா. இப்போ உனக்கும் தெரிஞ்சிபோச்சே.”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒருத்தியை மட்டும் இறக்கிவிட்டுப் பேருந்து புறப்பட்டது.