முதலில் என் கையில்

நீங்கள் முகத்துக்குச் சோப்புதான் போடுகிறீர்கள் என்று உள்ளே வந்ததுமே தெரிந்துவிட்டது, மேடம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி. மூக்கின் இரண்டு பக்கமும் செதில் விட்டிருக்கிறது. கன்னம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கழுவி முடித்ததும் தோல் இறுக்கமாக இருந்தால் சுத்தமாகிவிட்டது என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சுத்தமே இல்லை. இருந்த எண்ணெயையெல்லாம் பறிகொடுத்துவிட்டுத் தோல் திகைத்து நிற்கிறது என்று அர்த்தம்.

கேட்டதற்குப் பதில் சொல் என்கிறீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முகம் கழுவுவது என்றால் என்னவென்று தெரியாமல் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

முதலில் நம் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. நுரைக்காத க்ளென்சராகப் பார்த்துக் கொஞ்சமாக எடுத்து, விரல் நுனியால் நெற்றியில் தொடங்கி மெல்ல வட்டமாகக் கீழே வர வேண்டும். அழுத்தவே கூடாது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல வேண்டும். கழுவிய பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே க்ரீம் தடவிவிட வேண்டும். இவ்வளவுதான் வித்தை. என் தங்கைக்கு அவள் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து இதை நான்தான் செய்துவருகிறேன்.

அவள் பிறந்தபோது கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பிக்கொண்டிருக்கும். அதனால் பன்னு. இப்போதும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டாள். அம்மா அவளைப் பெற்றுப்போட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அப்பா வேலை வேலை என்று வெளியூர் போனவர் ஒருமுறை போன இடத்திலேயே இருந்துவிட்டார். நான்தான் வளர்த்தேன். எனக்கும் ஒன்றிரண்டு இடம் வந்தது. தங்கையும் கூடவே வருவாள் என்றதும் வந்த வழியே போய்விட்டார்கள். போகட்டும், நான் அதற்காக ஒரு நாளும் அழுததில்லை.

கீழே என் பார்லர், மேலே எங்கள் வீடு. இரண்டே அறைதான். ஜன்னலோரம் வாஷ்பேசின், அதன் முன்னால் பார்லரிலிருந்து கழித்துக்கட்டிய சாய்வு நாற்காலி. காலையும் மாலையும் பன்னு அதில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் அவளுக்கு வேலை. பல்வலியோடு வருகிறவன்கூட அவள் முகத்தைப் பார்த்தால் வலியை மறந்துவிடுவான் என்று அந்த டாக்டரே கேலி செய்வார். என் கை ராசி என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சரக்கு எது வந்தாலும் அடுத்தவர் முகத்தில் வைப்பதற்கு முன் முழங்கை மடிப்புக்குக் கீழே உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் கையில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. நான் என் கையில்தான் வைப்பேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மேடம். நான் எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

கிளினிக்குக்கு எதிரே ஒரு மூக்குக்கண்ணாடிக்கடை. அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் சாயங்காலம் பன்னு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே, ஏதோ கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோலச் சொன்னாள்.

"அக்கா, அவரு என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறேங்கறாரு. அவங்க அண்ணன் ஊர்ல புதுசாக் கடை போடப் போறாங்களாம். அங்கேயே போயிடலாம்னு."

"நல்ல விஷயம்தானே," என்றேன். என் விரல் அவள் நெற்றியில் இருந்தது. அது நிற்கவில்லை.

அன்று சாப்பிட்டு முடித்துத் தட்டு கழுவும்போது இரண்டு தட்டில் ஒன்றை மட்டும் கழுவி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இனி இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. எனக்குப் பயமாக இருந்தது, மேடம். வேறு காரணம் ஏதாவது இருக்கும் என்று நீங்கள் தேடுகிறீர்கள். இல்லை. பயம் மட்டும்தான்.

முதல் தடவை நடந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அவருடைய வீட்டாரைப் பார்க்கப் போகிற அவசரத்தில், முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று கடையில் ஏதோ நறநறவென்று மணல் மாதிரி இருந்த சரக்கை வாங்கிவந்து பன்னு தானே தேய்த்துக்கொண்டாள். கன்னம் சிவந்து தோல் கன்றிவிட்டது. பயணம் தள்ளிப்போனது. அந்த வாரம் முழுக்க என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வெறும் தண்ணீரை ஒற்றி ஒற்றி நான் ஆற்றினேன். "நீ இல்லேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்றாள். இதை அவள் வாயால் சொன்னாள். எழுதிக்கொள்ளுங்கள்.

முகம் ஆறியது. மறுபடி பயணப் பேச்சு வந்தது. கரும்புள்ளிக்காரர்களுக்கு மேல்தோலை உரித்தெடுக்க ஒரு திரவம் கீழே வைத்திருந்தேன். அதிலிருந்து கொஞ்சம் க்ளென்சரில் கலந்தேன். எடுத்த எடுப்பில் அவள் முகத்துக்குக் கொண்டுபோய்விடவில்லை. முதலில் என் கையில் வைத்துப் பார்த்தேன். சுருக்கென்றது. சற்று நேரத்தில் சிவந்தது. தாங்கக்கூடிய சிவப்புதான். அதற்கு மேல் ஒரு துளி கூட்டவில்லை.

அப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அப்படி ஆனது.

தோல் டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, சென்சிட்டிவ் தோல், மென்மையாகக் கழுவுங்கள், உலரவே விடக்கூடாது என்றார். நான் கழுவும் முறையை விளக்கியதும், "இப்படி ஒரு அக்கா கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா," என்று பன்னுவிடம் சொன்னார். பன்னு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை.

கிளினிக்கில் வேறு பெண்ணை உட்கார வைத்தார்கள். மேஜையில் இருப்பவள் முகமே உரிந்திருந்தால் நோயாளி பயப்படுவானாம். வீட்டிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிகளை நான் கழற்றி வைத்தேன், அவள் மனசு கஷ்டப்படக் கூடாதென்றுதான். வெயில் ஆகாது, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டேன். தூசி ஆகாது, கீழே போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனேன். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. இப்போது நீங்கள் கேட்டாலும் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வேன்.

பன்னு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நான் குழாயைத் திறந்தால் அறையின் அந்தக் கோடியில் அவள் தோள் ஒடுங்கும். குளிர் என்று நினைத்தேன். தண்ணீரை இன்னும் கொஞ்சம் சூடாக்கினேன்.

ஒரு நாள் மதியம் பாதியில் மேலே வந்தபோது சமையலறைத் தொட்டியில் அவள் தானாக முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வெறும் தண்ணீர். என்னைப் பார்த்ததும் திருடி மாதிரி விழித்தாள். சில நாட்களாகவே அவள் முகம் தேறிவருவதைக் கவனித்திருந்தேன். அன்று சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தவள் தலையைச் சாய்க்கவில்லை.

"அக்கா, முதல்ல நீ போட்டுக்கோயேன்."

"ஏன்டி?"

"சும்மாதான். நீ போட்டுக்கோ. நான் பாக்கிறேன்."

நான் சட்டைக் கையை மணிக்கட்டிலிருந்து கொஞ்சமே ஏற்றினேன். மேலே பழைய தழும்புகள் இருந்தன, அவள் பார்க்க வேண்டாம். க்ளென்சரைத் தாராளமாக எடுத்துத் தடவினேன். எரிந்தது. அடிவயிறு வரை எரிந்தது. அவள் என் கையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். கிளினிக்கில் நடந்த பழைய கூத்து ஒன்றைச் சொல்லி அவளையும் சிரிக்க வைக்கப் பார்த்தேன். கடைசியில் அவள் மூச்சு விட்டுத் தலையைச் சாய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "மன்னிச்சுக்கோக்கா, என்னமோ கெட்ட நினைப்பு," என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. அப்புறம் அவள் முகத்துக்குப் போட்டேன்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். முதலில் என் கை, அப்புறம் அவள் முகம். அவளுக்கு வலிப்பதற்கு முன்னால் எனக்கு வலித்திருக்கிறது, மேடம். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. எந்த அக்கா இப்படிச் செய்வாள்?

கண்ணாடிக்கடைக்காரர் அடிக்கடி வந்துகொண்டிருந்தார். தூங்குகிறாள் என்று வாசலோடு அனுப்பிவிடுவேன். ஒரு நாள் நான் கடைத்தெருவிலிருந்து வரும் வரை படியிலேயே காத்திருந்து, கதவைத் திறந்ததும் என் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார். திரையை விலக்கினார். பன்னு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவர் அந்தக் கையை விலக்கிப் பார்த்தார். ஓடிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்தார்.

"இத போட்டுக்கோ, வெளிச்சம் கூசாது," என்றவர் என் பக்கம் திரும்பினார். "முகம் எப்படி இருந்தா என்னக்கா. கண்ணாடி விக்கிறவன் எதைப் பாப்பான்? இவ கண்ணைப் பாத்துத்தான் எனக்குப் பிடிச்சுது. அது அப்படியேதானே இருக்கு? அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, காட்டிக்கலாம். அடுத்த வாரம் கிளம்புறோம். நீங்களும் வந்துடுங்க."

நீங்களும் வந்துடுங்க என்றார். மரியாதைக்குச் சொல்வதற்கும் மனதாரச் சொல்வதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? மனதாரத்தான் சொன்னார். அதனால் என்ன? அங்கே பன்னுவுக்கு நான் எதற்கு?

பன்னு சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் சத்தமாகச் சிரித்தாள். உதட்டோரத்தில் தோல் வெடித்து இரத்தம் கசிந்தது. அதைத் துடைக்காமலே சிரித்துக்கொண்டிருந்தாள். தேநீர் கொண்டுவந்து வைக்கும்போது டபராவெல்லாம் சிந்திவிட்டேன். அப்படி ஒரு பயம் எனக்கு வாழ்க்கையிலேயே வந்ததில்லை.

கிளம்புகிற நாள் காலையில் அவள் பை கதவருகே இருந்தது. அவர் வண்டி பிடிக்கப் போயிருந்தார்.

"இன்னிக்கு வேணாம்க்கா. நானே தண்ணி தெளிச்சுக்கிறேன்."

"கடைசியா ஒரு தடவை, பன்னு. போற இடத்துல யாரு உனக்குக் கழுவி விடுவா?"

என்னைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். வந்து உட்கார்ந்தாள். நாற்காலியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முதலில் நீ போட்டுக்கோ என்று அன்று கேட்கவில்லை. அவள் கேட்காவிட்டாலும் எனக்கு முறை தெரியும். விடியற்காலையில் கீழே பார்லரில், கலக்காத திரவத்தை அப்படியே என் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்திருந்தேன்.

இப்போது நீங்கள் என் கையில் போட்டிருக்கும் இந்தக் கட்டைத்தான் பார்க்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் கண் டாக்டரும் முதலில் இதைத்தான் கேட்டார். என் சட்டைக் கையை அவர் தோள் வரை ஏற்றியதும், அங்கே நின்ற நர்ஸ் ஒரு அடி பின்னால் போனாள். வரிசையாக இருக்கும் தழும்புகளை நீங்கள் போட்டோவும் எடுத்துவிட்டீர்கள். கட்டுக்கு அடியில் இருக்கும் கடைசிப் புண் சதை தெரியும் அளவு ஆழம், ஆகவே அது என்ன செய்யும் என்று தெரிந்துதானே கொண்டுபோனாய் என்கிறீர்கள்.

ஆமாம். தெரியும். தெரிந்துகொள்வதற்குத்தானே கையில் வைத்துப் பார்ப்பது.

தண்ணீர் சரியான பதத்தில் இருந்தது. நெற்றியில் தொடங்கினேன், வெறும் தண்ணீரால்தான். அவள் பிடி மெல்லத் தளர்ந்தது. கண்ணை மூடியிருந்தாள். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பழக்கியிருக்கிறேன், நான் திற என்று சொல்லும் வரை திறக்க மாட்டாள். நான் புட்டியை எடுத்தேன்.

"பன்னு, கண்ணைத் திற. அக்காவை ஒரு தடவை பாத்துக்கோ," என்றேன்.

திறந்தாள். என்னைப் பார்த்தாள். ஊற்றினேன்.

கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், அதை மட்டும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்புங்கள். குழாய்ச் சத்தம் கேட்டாலே அவள் அலறுகிறாளாம், அதனால் நர்ஸுகள் காய்ந்த பஞ்சால் முகத்தைத் துடைத்துவிடுகிறார்களாம். உங்கள் கான்ஸ்டபிள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. காய்ந்த பஞ்சு ஆகவே ஆகாது, தோல் வறண்டுவிடும். தெரியாத கை தொட்டால் அவள் பயப்படத்தான் செய்வாள், பாவம், கண்ணும் தெரியவில்லை. என்னை ஒரு தடவை அழைத்துப் போங்கள், விலங்கோடு வேண்டுமானாலும் வருகிறேன். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம் போதும். தொடுவது என் கை என்று தெரிந்தால் பன்னு பயப்பட மாட்டாள்.