வேலிக்குள் ஒரு கடை

தூரத்தில் இருப்பது எனக்கு மங்கலாகத் தெரிகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் கண்ணாடிக் கடைக்காரர்தான். "எதிர்ல வர்ற மேனேஜரையே கண்ணைச் சுருக்கிப் பார்க்குறீங்களே தம்பி, முறைக்கிறீங்கன்னு நெனச்சுக்கப் போறாரு" என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி அண்ணி. அந்த உறவில் பொய் ஏதும் இல்லை.

வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நிறைந்த தெரு அது. எங்கள் ஐம்பது மாடி அலுவலகக் கட்டடத்துக்கு வேண்டிய நிலமெல்லாம் கைக்கு வந்துவிட்டது, நடுவில் இருந்த அவர் வீட்டைத் தவிர. கீழே கடை, மாடியில் குடித்தனம். விற்க மாட்டேன் என்பதைக்கூட அவர் டீ கொடுத்துத்தான் சொல்வார். நான் அந்தக் கட்டுமானத்தின் பாதுகாப்பு அதிகாரி. மேனேஜர் என்னிடம், "நீ சொன்னா கேப்பாருப்பா. எப்படியாவது பேசி முடி" என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டின் மூன்று பக்கமும் அடித்தளக் குழி இறங்கியது. சுற்றிலும் இரண்டாள் உயரத்துக்குத் தகர வேலி போட்டேன். யாரும் தவறி விழுந்துவிடக் கூடாதல்லவா. தெருப்பக்கம், கடை வாசலை ஒட்டி ஒரே கதவு, ஒரு பூட்டு, சாவி என்னிடம். போன் செய்தால் ஓடிப்போய்த் திறப்பேன். கொஞ்ச நாளில் நடந்துபோய்த் திறந்தேன். அப்புறம் கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுப் போனேன். காத்திருக்கும் மனிதனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். "கூடைக்குள்ள கவுத்த கோழி மாதிரி வெச்சிருக்கீங்களே தம்பி" என்றார் அண்ணி. மூவரும் சிரித்தோம். அவர்கள் போலீசுக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தம்பி மேல் யார் புகார் கொடுப்பார்கள்?

அப்படியும் அவர் அசையவில்லை. பின்சுவரை ஒட்டி விட்டுவைத்திருந்த மண்ணையும் எடுக்கச் சொன்னேன். முட்டுக் கொடுக்காமல் அங்கே தோண்டக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். இயந்திரம் ஓட்ட வந்தவர் ஊருக்கே புதிது.

"உள்ள ஆளுங்க இருக்காங்களா சார்?"

"காலி பண்ணிட்டாங்க."

சாயங்காலத்துக்குள் அது உண்மையாகிவிடும் என்று நினைத்துத்தான் சொன்னேன். சுவரில் நாலு விரிசல் விட்டால் இறங்கிவருவார், அவ்வளவுதான் என் எண்ணம்.

மதியம் போன் வந்தது. "தம்பி, பின்சுவர் பொளக்குது. வந்து திறங்க."

"வர்றேன்ண்ணே."

நான் வேலிக்கு எதிரே, கட்டுமானக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டார். "வீட்டைக் குடுத்துடறேன் தம்பி. எங்க சொன்னாலும் கையெழுத்துப் போடறேன். உங்க அண்ணி நடுங்குறா. கதவைத் திறங்க."

இதற்காகத்தானே இத்தனையும். எழுந்தேன்; சாவியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. வெளியே வந்ததும், பூட்டிவைத்துத் தோண்டச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். இயந்திரக்காரர் என்னைக் கைகாட்டுவார். அண்ணன் மன்னித்துவிடுவார். அண்ணி மன்னிக்க மாட்டார். புலிவாலைப் பிடித்தாயிற்று. அவர்கள் கதவுக்காவது ஒரு சாவி இருந்தது.

உட்கார்ந்துவிட்டேன்.

"வந்துட்டே இருக்கேன்ண்ணே, போனை வைக்காதீங்க" என்றேன். வைத்திருந்தால் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார்.

இயந்திரச் சத்தத்தில் தெருவில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் போனில் கேட்டது. அண்ணி, "தம்பி வந்துட்டாரா?" என்றார். "இதோ, வாசல்ல வந்துட்டாரு" என்றார் அவர். பின்சுவர் முதலில் போனது. மாடி அதன் பின்னாலேயே குழிக்குள் இறங்கியது.

பூட்டியது நான், தோண்டச் சொன்னது நான், திறக்காததும் நான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: கடைசிவரை நான் வந்துகொண்டிருப்பதாகத்தான் அவர்கள் நம்பினார்கள். அந்த நிம்மதியை நான் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை.