சமக்குறி போட்டதில் காணாமல் போன பெயர்

ஜொகூர் பாருவில் சிங்கப்பூர் பஸ்ஸுக்குக் காலை வரிசை. எனக்கு முன்னால் ஒரே சாஃப்ட்வேர் ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு பெண்ணும் ஓர் ஆணும்.

"ஒரே ஒரு சமக்குறி போட்டு எங்கம்மாவ அழிச்சிட்டீங்க லா!" என்றார் அந்தப் பெண்.

"அலமாக், மெதுவா பேசுங்க. சிகாமட்டுல வெள்ளத்துக்கு ரெண்டு மண்டபம் தெறந்தாங்க, தங்கினவங்க பேரு புரோகிராம்ல ரெண்டு செட்டா, ரெண்டு தனிப் பட்டியலா இருந்திச்சு. ஒண்ணாக்கத்தான் 'மண்டபம் ஒண்ணு சமம் மண்டபம் ரெண்டு'ன்னு எழுதினேன்."

"அது சேர்க்கிறதா? ஒண்ணுல இருந்ததெல்லாம் போயிடும், ரெண்டுல உள்ளது மட்டும் வந்து உக்காந்துக்கும். சேர்க்கணும்னா இன்சர்ட்னு கட்டளை போடணும். முதல் மண்டபத்துல சாப்பாட்டுக்கு நின்ன எங்கம்மாவ, லிஸ்ட்ல பேர் இல்ல, நகருங்கன்னு சொல்லியிருக்காங்க. எழுபது வயசு அவங்களுக்கு!"

"எர்ரர் எதுவும் வரலையே..."

"எப்படி வரும்? நீங்க சொன்னதத்தான் அது செஞ்சிச்சு."

வரிசை நகர்ந்தது. அந்த ஆண் போனில் அந்தப் பட்டியலைத் திறந்தார்.

"ஆனா பாருங்க, பேரெல்லாம் ஏ, பி, சி வரிசையில கரெக்டா நிக்குது."

"நிக்கும் லா. எங்கம்மா பேரு அஞ்சலை. முதல் ஆளா நின்னிருக்கணும்."